மூன்று வெள்ளிக்கிழமைகள்

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை!" என்றாள் சரசம்மா.

தெருவுக்கே கேட்கிற குரல். தன் குரல் தன் காதில் விழாதவளுக்கு அது எவ்வளவு தூரம் போகிறதென்று எப்படித் தெரியும்? சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சென்னம்மாள், "ஆமா தாயே, எங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு" என்று சிரித்தாள்.

யாரும் சொல்லாமலே சரசம்மாவுக்குக் கிழமை தெரியும். தம்பி பெண்டாட்டி காளியம்மாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தால் சீயக்காய் மணக்கும். அப்படியானால் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மகள் ரேணுவோடு போன்.

இன்றைக்குத் தலைக்கு ஊற்றாமலே விட்டுவிடலாமா என்றுகூடக் காளியம்மாள் யோசித்துப் பார்த்தாள். அந்த அளவுக்கு வந்துவிட்டது நிலைமை.

சரசம்மாவுக்குப் பன்னிரண்டு வயதுக்குள் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கற்ற பேச்சு மட்டும் வாயில் தங்கிவிட்டது. கண்ணும் அதே வழிதான். மாலைக்கண்ணாக ஆரம்பித்து, ரேணு பிறந்த மூன்றாம் வருஷம் மொத்தமாக அணைந்தது. "பத்து நாள் தம்பி வீட்டுல இருந்துட்டு வா" என்று புருஷன் முனிசாமி ஓசூர் பஸ் ஏற்றிவிட்டான். பத்து நாள் மூன்று வருஷமானது. குழந்தை ராயக்கோட்டையில், அவன் தாய் வெங்கடம்மாவிடம். போன் பேச அவள்தான் குழந்தையைப் பக்கத்துத் தக்காளி மண்டிக்குக் கூட்டிவருவாள்.

நடுவில் பெங்களூரில் கண்ணில்லாதவர்களுக்கான பள்ளி ஒன்றில் பத்து மாசம் இருந்து, புள்ளி எழுத்து படித்துக்கொண்டு வந்தாள் சரசம்மா. வரும்போது ஒரு பெட்டியும் தந்தார்கள், திருப்பித் தரவேண்டும் என்ற பேச்சில். தோள்பையில் அடங்குகிற இரும்புப் பெட்டி. ஒரு பக்கம் டைப்ரைட்டர் போல இங்கிலீஷ் எழுத்துக் கட்டைகள். மறுபக்கம் விரல் நுனி வைக்கிற அளவில் ஒரு தகடு, தகட்டில் ஆறு துளை. இங்கே ஒரு எழுத்தைத் தட்டினால் அங்கே அதற்கான ஊசிகள் மொட்டையாக எழும்பும். விரலை வைத்திருப்பவளுக்கு அதுதான் பேச்சு. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதி எழுதி, எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த காளியம்மாளுக்கு இப்போது கட்டையைப் பார்க்காமலே விரல் போகும்.

பள்ளிக்கூடத்து டீச்சர் அன்றைக்கே சொல்லி அனுப்பினாள்: "போன்ல அவங்களுக்காக நீ கேக்கறப்போ நீ மனுஷி இல்லம்மா, ஒரு வயரு. அந்தப் பக்கம் திட்டினா திட்டினதை அடி. இருமினா இருமினதை அடி. பேசாம இருந்தா பேசலன்னு அடி. வயரு தானா எதையும் பேசாது."

இரண்டு வருஷம் காளியம்மாள் வயராகத்தான் இருந்தாள். கடைசி மூன்று வெள்ளிக்கிழமையாகத்தான் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஆஞ்சப்பன் ஷிப்டுக்குக் கிளம்பி, சட்டைப் பொத்தானைப் போட்டபடி களி உருண்டையை முழுங்கிக்கொண்டிருந்தான். ஒரு முழ தூரத்தில் சரசம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்பதுதான் அந்த வீட்டின் பெரிய பாவம்.

"ஏங்க, இன்னைக்கி நான் என்னத்தச் சொல்ல?" என்றாள் காளியம்மாள். பிறந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஃபாக்டரியில் பார்த்து, விரும்பிக் கட்டிக்கொண்டு வந்து ஆறு வருஷமாகியும் அந்த இழுவை போகவில்லை.

"போன வாரம் இன்னா சொன்ன?"

"ரேணுவுக்குப் பல்லு விழுந்துட்டுன்னு அடிச்சேன். மதினி எப்பிடிச் சிரிச்சாக தெரியுமா? மூணு வருஷத்துல அப்பிடிச் சிரிச்சுப் பாத்ததில்ல."

"அப்ப இன்னைக்குப் புதுப் பல்லு முளைச்சிருச்சுன்னு சொல்லு."

"விளையாடாதிய. பிள்ள அந்த ஊர்லயே இல்லங்க. மண்டிக் குமாஸ்தா தெளிவாச் சொல்லிட்டான். வீட்டைக் காலி பண்ணியாச்சு, கிழவி மக வீட்டுக்கு முளுபாகல் போயாச்சு, முனிசாமி அண்ணன் பிள்ளையக் கூட்டிட்டு எங்கேயோ போயிட்டாக."

ஆஞ்சப்பன் கையைக் கழுவினான். அக்காவைப் பார்க்காமலே பேசினான்.

"நான் இன்னா பண்ணட்டும்? பிரஸ் ஷாப்புல நாப்பது பேரை நிறுத்திட்டாங்க. இப்பப் போயி லீவு கேட்டா என்னையும் சேத்து அனுப்பிடுவான். இன்னைக்கு ஒருநாள் ஒப்பேத்து. ஞாயித்துக்கிழமை நான் கிருஷ்ணகிரிக்குப் போயி மாமா வேலை செய்யற லாரி ஆபீஸ்ல விசாரிச்சுட்டு வரன். அப்புறம் நானே அக்காகிட்டச் சொல்றன்."

"போன ஞாயித்துக்கிழமையும் இதேதான் சொன்னிய."

"ஓவர்டைம் வந்துச்சு, இன்னா பண்றது?"

"நீங்க எப்பப் பேசினாலும் எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கு மட்டுமா?" என்றான் ஆஞ்சப்பன். போகும்போது வழக்கம்போல அக்காவின் தோளில் இரண்டு தட்டு தட்டினான். போய்ட்டு வரன் என்று அர்த்தம்.

சரசம்மா முகத்தைத் திருப்பி, "சாயங்காலம் பாப்பாகிட்ட மாமன் கேட்டான்னு சொல்றன்டா" என்று தெருவுக்குக் கேட்கச் சொன்னாள்.

---

ராமப்பனின் எஸ்.டி.டி. பூத், சிப்காட் வாசலுக்கு எதிரே, டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில். சிறு வயதில் போலியோவில் ஒரு கால் சூம்பியவன் ராமப்பன். அந்தக் கோட்டாவில்தான் பூத் கிடைத்தது. போன் பண்ண வருகிறவர்களைவிட அவன் பேச்சைக் கேட்க வருகிறவர்கள் அதிகம்.

"வாக்கா, வா! அஞ்சு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்பவே வந்தாச்சு. கலெக்டரம்மாகூட இப்படி டைம் வெக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, சரசம்மாவின் உள்ளங்கையில் விரலால் ஒரு 'ஆர்' எழுதினான். அது அவன் கையெழுத்து.

"ராமப்பா! நல்லாருக்கியா?" என்றாள் அவள்.

"எனக்கு இன்னா கேடு? ஒரு காலுதான் இல்ல. நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு வருவோம், போ."

காளியம்மாள் அதைப் பெட்டியில் அடித்தாள். சரசம்மா சிரித்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் இருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பலகை மேல் பெட்டி. தகட்டின் மேல் சரசம்மாவின் வலது ஆள்காட்டி விரல். ரிசீவரைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, எண்ணைச் சுழற்றினாள் காளியம்மாள்.

ராயக்கோட்டை தக்காளி மண்டி. குமாஸ்தாவின் குரல்.

"ஹலோ, மண்டி."

"அண்ணே, ஓசூர்ல இருந்து பேசுதேன். வெங்கடம்மா..."

"யம்மா, உனக்கு எத்தன வாட்டிம்மா சொல்றது? அவங்க இல்ல. வர மாட்டாங்க. இங்க லோடு எறங்கற நேரம். வெய்யி போனை."

வைத்துவிட்டான். அதன்பின் பீப், பீப் என்று ஒலித்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டாளா?" என்றாள் சரசம்மா.

காளியம்மாள் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அடித்தாள்: *வந்துட்டேன் அம்மா.*

ராமப்பன் வெளியே பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடாததை அவன் கவனிக்கவில்லை.

சரசம்மா ரிசீவரை வாங்கி வாய்ப்பக்கத்தைத் தன் உதட்டோடு ஒட்டிப் பேசினாள். "கண்ணு, சாப்டியா? பள்ளிக்கூடம் போனியா? பல்லு விழுந்த எடத்துல நாக்க வெக்காத, கோணலா முளைக்கும்." சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தாள். விரல் தகட்டில்.

*சாப்ட்டேன். வைக்க மாட்டேன்.*

"பாட்டி அடிக்குதா?"

*இல்ல.*

"ரேணு, நல்லாக் கேளு. அன்னைக்குப் பஞ்சாயத்துல பெரியவங்க இன்னா சொன்னாங்க? பாப்பா எப்போ தன் வாயால அம்மாகிட்டப் போறேன்னு கேக்குதோ அன்னைக்கு அனுப்பிடணும்னு. நான் உன்னைக் கேக்கச் சொல்லல இத்தன நாளா. உனக்கா தோணட்டும்னு இருந்தன். இப்ப முடியல கண்ணு. அம்மாகிட்ட வர்றியா? ஆமா, இல்ல, ஒண்ணு சொல்லு."

காளியம்மாளின் பத்து விரலும் கட்டைகளின் மேல் நின்றுவிட்டன.

ஆமா என்று அடித்தால், நாளைக் காலையில் இவள் ராயக்கோட்டைக்குப் புறப்பட்டுவிடுவாள், பூட்டின வீட்டு வாசலுக்கு. இல்லை என்று அடித்தால்? வயர் தானாகப் பேச ஆரம்பித்தால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று டீச்சர் சொல்லவில்லையே.

"இன்னாடி பேசமாட்டேங்குறா?" என்றாள் சரசம்மா.

காளியம்மாள் மெதுவாக அடித்தாள்: *பரீட்சை முடியட்டும் அம்மா. அப்புறம்...*

அடித்துக்கொண்டிருக்கும்போதே சரசம்மாவின் இடது கை எழுந்தது. காளியம்மாளின் கன்னத்தைத் தடவி, காதுக்கு வந்து, ரிசீவருக்கும் காதுக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்தது. மகள் குரலின் அதிர்வையாவது தொட்டுப் பார்க்கலாம் என்ற ஆசையாகத்தான் இருக்கும். அவள் முகத்தில் அப்போது சந்தேகம் எதுவும் இல்லை.

காளியம்மாளால் நகர முடியவில்லை. விரல்கள் மட்டும் வாக்கியத்தை முடித்தன: *...வரேன்.*

சரசம்மாவின் இரண்டு விரலும் ரிசீவரில் அழுந்தின.

"காளி" என்றாள் பிறகு. அவள் அத்தனை மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "இது ஒரே அளவுல துடிக்குது. துடிக்குது, நிக்குது. துடிக்குது, நிக்குது. என் பொண்ணு இப்படியா பேசுவா?"

காளியம்மாள் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தாள்.

"லைன்ல யாருமில்ல. இல்லையா?"

*இல்ல* என்று அடித்தாள் காளியம்மாள். மூன்று வாரத்தில் அவள் அடித்த முதல் உண்மை.

"எத்தன வாரமா?"

*மூணு.*

"பல்லு?"

*நான் சொன்னது.*

சரசம்மா எழுந்து நின்றாள். கூண்டின் கண்ணாடியில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். "ராமப்பா! இங்க வா! இவ வேணாம். நீ கேட்டு நீ அடி. கிருஷ்ணகிரி லாரி ஆபீஸ் போடு!"

ராமப்பன் நொண்டியபடி ஓடி வந்தான். ஒருத்தி முகத்தையும் இன்னொருத்தி முகத்தையும் பார்த்தான். "இன்னாம்மா ஆச்சு?"

"கேக்குறத அடிங்கண்ணே" என்றாள் காளியம்மாள். "ஒரு எழுத்து விடாம அடிங்க. நான் வெளிய நிக்கேன்."

---

ராமப்பனுக்குப் பெட்டி பழக்கமில்லை. ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி, கேட்டதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தான். அதனால் வெளியே நின்றவளுக்கும் எல்லாம் கேட்டது.

"மேனேஜர் பேசறாரு... முனிசாமி... வேலைய விட்டுட்டான்."

"எப்ப?" என்றாள் சரசம்மா ரிசீவரில்.

"இந்த... திங்கக்கிழமை. அது வரைக்கும்... ஆபீஸ் பின்னாடி ரூம்லதான்... இருந்தான்."

காளியம்மாள் கூண்டின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கிருஷ்ணகிரி. ஒரு மணி நேர பஸ். இந்தத் திங்கள் வரைக்கும் அந்தக் குழந்தை ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்திருக்கிறது. முதல் வெள்ளிக்கிழமையே 'யாரும் வரல' என்று நாலு எழுத்து அடித்திருந்தால், மறுநாள் காலையில் இவள் அங்கே போய் நின்றிருப்பாள்.

"பாப்பா?" என்றாள் சரசம்மா.

ராமப்பன் கேட்டான். கேட்டவன் அடிக்கவில்லை. விரல் கட்டைக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"நிறுத்தாத ராமப்பா. நீயும் நிறுத்தாத."

"பாப்பாவும் கூட... இருந்துச்சு. பகலெல்லாம்... ஆபீஸ்ல... பெஞ்சுல உக்காந்திருக்கும். போன் அடிச்சா... ஓடி வந்து நிக்கும்." அவன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினான். "எங்க கூட்டிட்டுப் போனான்னு... எங்களுக்குத் தெரியாது. எங்க டிரைவர் கங்கப்பன் வண்டியிலதான்... சாமானம் ஏத்திட்டுப் போனான். கங்கப்பன் திரும்பினா... கேட்டுச் சொல்றன். நம்பர் குடுங்க."

ராமப்பன் தன் பூத் நம்பரைச் சொல்லி ரிசீவரை வைத்தான். வெளியே வந்து ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"மூணு வாரமா என் பூத்துலயாம்மா இந்த நாடகம் ஆடின?" என்றான்.

"ஆமாண்ணே."

"நான் ஒரு மடையன். வெளிய உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தன்."

உள்ளேயிருந்து சரசம்மா கூப்பிட்டாள். "காளி!"

அவள் போய் உட்கார்ந்தாள். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆஞ்சப்பனுக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்ல ஒரு வழி இருந்தது. தம்பியையாவது இவளுக்கு மிச்சம் வைக்கலாம். தெரியாது என்று அடித்துவிட்டால், பழி முழுக்கத் தன் தலையோடு போகும். இவள் போய்ச் சாய்ந்துகொள்ள ஒரு தோள் இருக்கும். இதற்குப் பெயர் பொய்யா, தருமமா என்று காளியம்மாளுக்கு விளங்கவில்லை. ஆனால் மூன்று வெள்ளிக்கிழமைக்கு முன்னாலும் இப்படித்தானே தோன்றியது?

*தெரியும்* என்று அடித்தாள்.

சரசம்மா விரலைத் தகட்டிலிருந்து எடுத்தாள்.

இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கி, முந்தானைக்குள் சுருட்டி, அடிவயிற்றோடு அழுத்திக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காளியம்மாள் தோளைத் தொட்டாள். உதறினாள். முழங்கையைப் பிடித்தாள். உதறினாள். "மதினி, மதினி" என்று காது கேளாதவளிடம் வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

உலகம் அவளோடு பேசுவதற்கு இருந்த வழி அந்தக் கைகள்தான். அவள் அதைச் சாத்திக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது.

காளியம்மாள்தான் எடுத்தாள். பின்னால் லாரி எஞ்சின் உறுமும் சத்தம்.

"நான் கங்கப்பன் பேசறன். மேனேஜர் சொன்னாரு. சரசக்கா இருக்காங்களா?"

"இருக்காக அண்ணே. நான் அவுக தம்பி பொண்டாட்டி. பிள்ளைய எங்க விட்டிய? எங்கிட்டச் சொல்லுங்க."

"உங்கிட்டச் சொல்ல மாட்டன்மா. முனிசாமி என்னை நம்பித்தான் வண்டி ஏறினான். பெத்தவ கேட்டா மறைக்க மாட்டன், வேற யாருக்கும் சொல்ல மாட்டன். அவங்களுக்குக் காது கேக்காது, தெரியும். நீ அந்தப் பெட்டியில தட்டிச் சொல்லு. அவங்க வாயால ஒரு வார்த்தை கேக்கட்டும். எனக்குப் பொழுது இல்ல, லோடு ஏத்தியாச்சு, மறுபடி அந்தப் பக்கமேதான் போறன்."

"ஒரு நிமிஷம் அண்ணே!"

ரிசீவரைப் பலகையில் வைத்துவிட்டுச் சரசம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ராமப்பனும் வந்து, மறு கையைப் பிரித்து உள்ளங்கையில் அவனுடைய 'ஆர்' எழுத முயன்றான். அந்த முஷ்டி கல்லாக இருந்தது. "விடுங்க! எல்லாரும் விடுங்க!" என்று அவள் கத்தியதில் டீக்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். அதற்குள் காளியம்மாள் ரிசீவரை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள்.

"ஹலோ? இருக்காங்களா, இல்லியா? வண்டிய எடுக்கச் சொல்றாங்கம்மா."

காளியம்மாள் சரசம்மாவின் முதுகைப் பார்த்தாள். ராமப்பனைப் பார்த்தாள். ராமப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டு வருஷம் வாரம் தவறாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட குரல். ஏற்றமும் இறக்கமும் இல்லாத, ஊருக்கே கேட்கிற குரல். காளியம்மாள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ரிசீவரில் கத்தினாள்.

"கங்கப்பா! நான் சரசம்மா பேசறன்! என் பொண்ணு எங்க இருக்கா?"

அந்த மனிதனின் குரல் இளகிவிட்டது.

"அக்கா... நல்லாருக்கியாக்கா? எடத்தைச் சொல்றன், சொல்றன். அதுக்கு முன்னாடி பாப்பா சொல்லி அனுப்பினத சொல்லிடறன், இல்லன்னா மறந்துடுவன். வண்டி ஏறினதுல இருந்து எறங்கற வரைக்கும் அதையேதான் சொல்லிச்சு."

அவன் நிறுத்தினான். பக்கத்தில் இருப்பவள் அடித்துக் காட்டுவதற்காக நேரம் கொடுக்கிறான் என்று காளியம்மாளுக்குப் புரிந்தது. அவனுக்குக் கேட்கட்டும் என்று அவள் கட்டைகளைத் தட்டினாள். தகட்டில் ஊசிகள் எழும்பின, அடங்கின. மேலே விரல் இல்லை.

"மூணு வாரமா அம்மா ஏன் கூப்புடல, என் மேல கோவமான்னு கேட்டு வா மாமான்னுச்சு" என்றான் கங்கப்பன். "இப்ப நேரா அங்கதான் போறன். போனதும் ஓடி வந்து நிக்கும். நான் அதுகிட்ட இன்னான்னு சொல்லட்டும்க்கா?"